படலையில் நின்று கூப்பிடுகிறவர்கள்

மண்கும்பானைப் பற்றி இணையத்தில் எழுதப்பட்டவற்றில் பெரும்பகுதி மண்கும்பானில் இருந்துகொண்டு எழுதப்பட்டதல்ல. பண்ணைப் பாலம் கடந்து ஊர்காவற்றுறைக்குப் போகிற வீதியில், மண்டைதீவுச் சந்தியும் அல்லைப்பிட்டியும் தாண்டி, வேலணைக்கு முன்னால் வருகிற சிறிய ஊர் அது. வெள்ளை மணலும் அந்த மணலடியில் நிற்கிற நல்ல தண்ணீரும்தான் அதன் சொத்து. 1990 இல் தொடங்கிய இடப்பெயர்வில் தீவகத்துச் சனம் முதலில் யாழ்ப்பாணத்துக்கும், அங்கிருந்து வன்னிக்கும் கொழும்புக்கும், பிறகு ரொறன்ரோ, பாரிஸ், லண்டன் என்றும் சிதறிப்போனது. ஊரின் நினைவை எழுதியவர்கள் அந்தந்த இடங்களில் இருந்துதான் எழுதினார்கள். வாசிகசாலை, பள்ளிக்கூடம், கோயில் திருவிழா, காலமான வாத்தியார் என்று பாரிசில் ஒருவர் எழுதியதன் மிச்சக்கதை ரொறன்ரோவில் இன்னொருவரிடம் இருக்கும். இருவருக்கும் ஒருவரையொருவர் தெரியாது. இந்த நிலைமையில், ‘நீங்கள் எழுதியதைப் பற்றி நான் இங்கே எழுதியிருக்கிறேன்’ என்று உரியவருக்குத் தானாகவே போய்ச் சொல்கிற ஒரு வசதியின் பெறுமதி என்ன என்பது, 2000களின் தொடக்கத்தில் தமிழ் இணையத்தில் புழங்கியவர்களுக்குத் தெரியும். அந்த வசதியின் பெயர் டிராக்பேக். முதலில் அதைக் குப்பை நிறைத்தது. பிறகு குப்பைக்குப் பயந்து பெரும்பாலானவர்கள் அதை ஒரேயடியாக மூடிவிட்டார்கள். பெரிய ஊர்களுக்கும் பெரிய மொழிகளுக்கும் அந்த மூடல் சிறு இழப்பு. சிதறிப்போன சிறிய ஊர்களுக்கு அது பேரிழப்பு என்று நினைக்கிறேன். வழியைத் திறந்து வைத்தபடியே குப்பையைக் கையாள முடியும் என்பதுதான் என் வாதம்.

இணையத்தில் தொடுப்பு என்பது ஒருவழிப் பாதை. நான் உங்கள் பக்கத்துக்குத் தொடுப்புக் கொடுத்தால் அது என் வாசகருக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாது. டிம் பெர்னர்ஸ்-லீ உலகளாவிய வலையை வடிவமைத்தபோது தெரிந்தே எடுத்த முடிவு இது. அவருக்கு வெகுகாலம் முன்பே டெட் நெல்சன், சனடு என்ற தன் திட்டத்தில், இரு முனையிலும் தெரிகிற தொடுப்பை எண்ணியிருந்தார். அப்படிச் செய்திருந்தால் ஒவ்வொரு தொடுப்புக்கும் இரு பக்கமும் ஒத்துப்போக வேண்டியிருந்திருக்கும். யாரும் யாரையும் கேட்காமல் தொடுக்கலாம் என்ற சுதந்திரத்தால்தான் வலை அவ்வளவு வேகமாகப் பரவியது. அந்த வகையில் பெர்னர்ஸ்-லீயின் முடிவு சரியானதே. ஆனால் எழுதியவர் தன்னைப் பற்றிய பேச்சைக் கேட்க முடியாமல் போனது அதற்குக் கொடுத்த விலை. மூவபிள் டைப் மென்பொருளைச் செய்த பென் டிராட்டும் மீனா டிராட்டும் 2002 இல் அந்தக் குறையைத் தீர்க்க டிராக்பேக்கைக் கொண்டுவந்தார்கள். அதில் போவது நான்கே விவரங்கள்: எழுதிய பக்கத்தின் முகவரி, அதன் தலைப்பு, தளத்தின் பெயர், எழுதியதில் ஒரு சிறு பகுதி. இவை வந்து சேர்ந்ததும் மூலக் கட்டுரையின் அடியில் பதிவாகிவிடும். அனுப்பியவர் யார், அவர் உண்மையாகவே தொடுப்புக் கொடுத்திருக்கிறாரா என்று பார்க்கும் ஏற்பாடு எதுவும் அதில் இல்லை. அன்றைக்கு எழுதிக்கொண்டிருந்தவர்கள் கொஞ்சப்பேர், ஒருவரையொருவர் நம்பினார்கள், அந்த நம்பிக்கையை அப்படியே நிரலாக எழுதினார்கள். தமிழில் பலர் பாவித்த பிளாகரில் இந்த வசதி இருக்கவில்லை. அவர்கள் ஹலோஸ்கான் என்ற வெளிச்சேவையை ஒட்டவைத்து அதைப் பெற்றுக்கொண்டார்கள். இருபுறத் தொடுப்பின் பயனை இன்றும் கண்ணால் பார்க்க விரும்புகிறவர்கள் தமிழ் விக்கிப்பீடியாவில் ஏதாவதொரு கட்டுரையைத் திறந்து ‘இப்பக்கத்தை இணைத்தவை’ என்ற இடத்தை அழுத்திப் பார்க்கலாம். ஓர் ஊரின் பெயரைச் சொல்லுகிற மற்றக் கட்டுரைகள் எல்லாம் வரிசையாக வரும். ஊரைப் பற்றிய கட்டுரையில் நாலு வரிதான் இருக்கும். அந்தப் பட்டியலில் கோயில், பாடசாலை, அங்கே பிறந்த எழுத்தாளர், பக்கத்து ஊர் என்று ஊரே இருக்கும்.

குப்பை ஏன் வந்தது என்பதைச் சரியாக விளங்கிக்கொள்ளாமல் அதை எப்படிக் கையாள்வது என்று முடிவெடுக்க முடியாது. 1998 இல் சேர்ஜி பிரினும் லாரி பேஜும் கூகுளைத் தொடங்கியபோது, ஒரு பக்கத்துக்கு எத்தனை பேர் தொடுப்புக் கொடுக்கிறார்கள், கொடுக்கிறவர்களுக்கு எவ்வளவு மதிப்பு என்பதை வைத்துத் தேடல் முடிவுகளை வரிசைப்படுத்தினார்கள். அந்தக் கணத்திலிருந்து தொடுப்புக்கு ஒரு விலை உண்டானது. யாருடைய பக்கத்திலாவது தன் முகவரியை ஒட்டிவிட்டால் அது தனக்கு விழுந்த ஒரு வாக்கு. டிராக்பேக்கோ கேட்காமலேயே ஒட்டவிடுகிற இடம். ஒரு சிறு நிரல் ஓர் இரவில் ஆயிரக்கணக்கான தளங்களுக்கு அந்த நான்கு விவரங்களை அனுப்பும். ஆண்மை மருந்து, சூதாட்டம், போலிக் கைக்கடிகாரம். 2005 ஜனவரியில் கூகுளும் யாகூவும் மைக்ரோசாஃப்டும் சேர்ந்து, ‘இந்தத் தொடுப்பை வாக்காக எண்ணாதே’ என்று தேடுபொறிக்குச் சொல்கிற நோஃபாலோ குறியை அறிமுகம் செய்தார்கள். ஆங்கில விக்கிப்பீடியா 2007 இல் தன் வெளித்தொடுப்புகள் எல்லாவற்றுக்கும் அதைப் போட்டது. விலை போய்விட்டால் குப்பையும் நின்றுவிடும் என்பது கணக்கு. நிற்கவில்லை. அனுப்புகிறவனுக்கு ஒன்றை அனுப்புவதற்கும் ஒரு இலட்சத்தை அனுப்புவதற்கும் செலவு கிட்டத்தட்ட ஒன்றுதான் என்பதால், பயன் இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்து அனுப்ப அவனுக்கு ஒரு காரணமும் இல்லை. செலவெல்லாம் வாங்குகிறவர் தலையில். ஊர்த் தளங்களில் இந்தச் செலவு பணத்தில் மட்டும் வரவில்லை. அத்தளங்களில் ஆட்கள் அதிகம் பார்த்த பகுதி மரண அறிவித்தல். படத்தில் ஒரு முதியவர், கீழே பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகளின் பெயர்கள், அதற்கும் கீழே அனுதாபம் சொல்ல விட்டிருந்த இடத்தில் மாத்திரை விளம்பரம். இதைப் பார்த்த குடும்பம் தளத்தை நடத்துகிறவரைக் கேட்குமே தவிர ரஷ்யாவிலோ எங்கேயோ ஓடிக்கொண்டிருக்கிற நிரலைக் கேட்காது. எல்லாவற்றையும் மூடிவிடு என்று பலர் முடிவெடுத்தது இந்த வெட்கத்தால்தான். அந்த முடிவோடு எனக்கு உடன்பாடில்லை, ஆனால் அந்த வெட்கம் நியாயமானது.

மூடுவதற்கு எதிராக முதலில் சொல்ல வேண்டியது, எங்களுக்குத் தேடுபொறி அன்று உதவவில்லை என்பது. ஈழத்துத் தளங்களில் மிகப் பல பாமினி எழுத்துருவில் எழுதப்பட்டன. பாமினியில் எழுதிய தமிழ், கணினியைப் பொறுத்தவரை தமிழே அல்ல. ‘தமிழ்’ என்ற சொல்லே அங்கே ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும்தான். எழுத்துரு இருந்தால் அது தமிழாகத் தெரியும். இல்லாவிட்டால் கிறுக்கல். யூனிகோடில் மண்கும்பான் என்று அடித்துத் தேடுகிறவருக்குப் பாமினியில் எழுதிய மண்கும்பான் கிடைக்காது. ஜேர்மனியில் இருந்த சுரதா யாழ்வாணன் ‘பொங்கு தமிழ்’ என்ற எழுத்துரு மாற்றியைச் செய்து இலவசமாகக் கொடுத்ததன் அருமை அந்தக் காலத்தில் எழுதியவர்களுக்குத்தான் தெரியும். ஒரு பெட்டியில் கிறுக்கலைப் போட்டால் மறு பெட்டியில் தமிழ் வரும். ஆனால் ஏற்கெனவே ஏறிக் கிடந்தவற்றை யார் எடுத்து மாற்றுவது? அப்படியே கிடந்தன. தேடிக் கண்டுபிடிக்க முடியாத எழுத்தை அடைய ஒரே வழி, அதை ஏற்கெனவே வாசித்த ஒருவர் காட்டிய தொடுப்பு. அந்தத் தொடுப்பு இருக்கிறது என்று சொல்லுகிற ஓசையையும் அடைத்துவிட்டால், பக்கத்துப் பக்கத்தில் இருந்தும் ஒருவரையொருவர் காணாமலே இருக்க வேண்டியதுதான். ஆங்கிலத்தில் எழுதுகிற ஒருவர் டிராக்பேக்கை மூடினால் தேடுபொறி அந்த இடத்தை நிரப்பும். எங்களிடம் நிரப்ப ஒன்றும் இருக்கவில்லை.

வடிகட்டியிடம் விட்டுவிட்டால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. 2005 இல் மேட் முல்லன்வெக் கொண்டுவந்த அகிஸ்மெட் வேர்ட்பிரஸ் தளங்களுக்குப் பெரிய ஆறுதல், அதில் சந்தேகமில்லை. இலட்சக்கணக்கான தளங்களில் மனிதர்கள் ‘இது குப்பை’, ‘இது குப்பையில்லை’ என்று தள்ளுவதிலிருந்து கற்றுக்கொண்டு அது வேலை செய்கிறது. ஆனால் அந்த மனிதர்களில் தமிழ் வாசிக்கிறவர் எத்தனை பேர்? வடிகட்டியின் இடத்தில் இருந்து எங்கள் எழுத்தைப் பார்த்தால் விஷயம் விளங்கும். பாமினியில் வருகிற ஒரு மேற்கோள் அதற்கு அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துக் கூட்டம், குப்பை அனுப்புகிறவர்கள் வடிகட்டியை ஏமாற்றப் பாவிக்கிற அதே தோற்றம். யூனிகோடுக்கு வந்த பிறகும் பிரச்சினை முழுதாகத் தீரவில்லை. மண்கும்பான் என்ற பெயரில் கணினிக்குப் பதினொரு குறிகள் உண்டு. ஒவ்வொன்றும் மூன்று பைட், மொத்தம் 33. அந்தப் பெயரை ஒரு பக்கத்தின் முகவரியில் வைத்தால் ஒவ்வொரு பைட்டும் ஒரு சதவீதக் குறியும் இரண்டு எழுத்தெண்களுமாக மாறி, ஒரே ஊர்ப்பெயர் 99 எழுத்து நீளமான சங்கிலியாகிவிடும். டிராக்பேக்கில் வருகிற சிறு பகுதியோ, அனுப்புகிற மென்பொருள் எழுத்துக்குறி முறையைச் சரியாகச் சொல்லாவிட்டால், வரிசையாகக் கேள்விக்குறிகளாக வந்து இறங்கும். நூறு எழுத்து முகவரியும் கேள்விக்குறி நிறைந்த வாசகமும் சேர்ந்து வந்தால், தமிழ் தெரியாத ஒரு நிரல் அதைக் குப்பை என்று சொல்வதில் வியப்பில்லை. அதைவிடப் பெரிய கவலை, அகிஸ்மெட் குப்பை என்று ஒதுக்கியதைப் பதினைந்து நாளில் தானாகவே அழித்துவிடுகிறது என்பது. மாதத்துக்கு ஒருமுறை தளத்தை எட்டிப்பார்க்கிற ஒருவர் தன்னை யார் தேடி வந்தார் என்பதை அறியாமலே இருந்துவிடுவார். குப்பை உள்ளே வந்தால் கண்ணுக்குத் தெரியும். நல்லது வெளியே தள்ளப்பட்டால் அது யாருக்கும் தெரிவதில்லை. ஆகவே வடிகட்டி ஒதுக்கிவைக்கலாம், அழிக்கக் கூடாது.

அடுத்தது சரிபார்ப்பு. டிராக்பேக் வந்த அதே 2002 இல் ஸ்டூவர்ட் லாங்ரிட்ஜ் பிங்பேக் என்ற மாற்றை முன்வைத்தார். இதில் அனுப்புகிறவர் தலைப்பையோ மேற்கோளையோ தர முடியாது. ‘இந்தப் பக்கம் உங்கள் அந்தப் பக்கத்துக்குத் தொடுத்திருக்கிறது’ என்று இரண்டு முகவரிகள் மட்டும் வரும். வாங்குகிற தளம் தானே போய் அந்தப் பக்கத்தைத் திறந்து, தொடுப்பு உண்மையாகவே இருக்கிறதா என்று பார்க்கும். டிராக்பேக்கில் வந்த குப்பையில் பெரும்பகுதி தொடுப்பே கொடுக்காமல் கொடுத்ததாகச் சொன்ன பொய் என்பதால், அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகக் கணினிப் பாதுகாப்பு ஆய்வுகூடத்தார் இதே சரிபார்ப்பை டிராக்பேக்குக்கும் செய்கிற செருகியை வேர்ட்பிரஸுக்கு எழுதிக் கொடுத்தார்கள். 2017 ஜனவரியில் உலகளாவிய வலைச் சேர்த்தியம் பரிந்துரையாக ஏற்ற வெப்மென்ஷனும் இதே அடிப்படையில் நிற்கிறது. சொல்கிறவன் மீது சுமையை வைப்பது, சொன்னதைப் போய்ப் பார்ப்பது. இதற்கு எதிராகச் சொல்லப்படுகிற வலுவான ஆதாரம் ஒன்று உண்டு. 2014 மார்ச்சில் சுகுரி நிறுவனம் ஒரு தாக்குதலை அறிவித்தது. பிங்பேக் வந்தால் போய்ப் பார்க்கிற இந்த நல்ல பழக்கத்தையே பாவித்து, 162,000க்கும் மேற்பட்ட வேர்ட்பிரஸ் தளங்களை ஒரே தளத்தின் மேல் ஏவிவிட்டு அதைச் செயலிழக்கச் செய்திருந்தார்கள். பொய்யான முகவரி ஒன்றைக் கொடுத்தால் எல்லாத் தளங்களும் அங்கே ஓடிப்போய்ச் சரிபார்க்கும், அந்தத் தளம் விழுந்துவிடும். அதன் பிறகு ‘பிங்பேக்கை நிறுத்து’ என்பது பாதுகாப்பு ஆலோசனைகளில் வழமையான வரியாகிவிட்டது. தாக்குதல் உண்மை, ஆலோசனைதான் அளவு மிஞ்சியது. வந்த அறிவிப்பை அந்த நொடியிலேயே போய்ப் பார்க்க வேண்டும் என்று எங்கும் விதி இல்லை. வரிசையில் வைத்து, நாளுக்கு ஒருமுறை, ஒரே தளத்துக்கு இத்தனை தடவைக்கு மேல் போகாமல் பார்த்தால் அந்த ஆயுதம் மழுங்கிவிடும். ஊர்த் தளம் ஒன்றுக்கு ஒரு நாள் தாமதம் ஒரு பொருட்டே அல்ல.

ஆனால் இயந்திரச் சரிபார்ப்பு ஓரளவுக்குத்தான் போகும் என்பதை எங்கள் சொந்தப் பழக்கமே காட்டியது. தமிழ்த் தளங்களில் ஒரு கட்டுரையை முழுதாக வெட்டி ஒட்டிவிட்டு அடியில் ‘நன்றி: இணையம்’ என்று போடுவது சாதாரணம். இணையத்துக்கு நன்றி சொன்னால் எழுதியவருக்குச் சொன்னதாகாது. இப்படி ஒட்டும்போது மூலக் கட்டுரைக்குள் எழுதியவர் தன் பழைய கட்டுரைகளுக்குக் கொடுத்த தொடுப்புகளும் சேர்ந்து போய்விடும். ஒட்டிய தளத்திலிருந்து பிங்பேக் வரும். போய்ப் பார்த்தால் தொடுப்பு உண்மையாகவே இருக்கும். சரிபார்ப்பில் சித்தியடைந்த திருட்டு! அதைக் கட்டுரையின் அடியில் போடுவது, களவெடுத்தவர் வீட்டுக்கு வழி காட்டுவது போலாகிவிடும். தொடுப்பு இருக்கிறதா என்ற கேள்விக்கு நிரல் விடை சொல்லும். ஒரு மனிதர் இதை வாசித்துவிட்டுத் தன் பங்குக்கு ஏதாவது சொல்லியிருக்கிறாரா என்ற கேள்விக்கு மனிதர்தான் விடை சொல்ல வேண்டும். எங்கள் வளவுகளில் இதற்கு நல்ல ஏற்பாடு இருந்தது. ஒழுங்கையால் வருகிறவர் யாராக இருந்தாலும் படலையில் நின்று கூப்பிடுவார். வீட்டுக்காரர் வெளியே வந்து யாரென்று பார்ப்பார். படலைக்கு வர யாருக்கும் தடையில்லை, படலையைத் திறப்பது மட்டும் வீட்டுக்காரர் கையில். டிராக்பேக்கை முதலில் வடிவமைத்தவர்கள் படலையே இல்லாத வளவைக் கட்டினார்கள். பிறகு வந்தவர்கள் ஒழுங்கையையே அடைத்தார்கள். எல்லா அறிவிப்பையும் வாங்கு, எதையும் தானாக வெளியிடாதே, ஒரு கண் பார்த்த பின் வெளியிடு என்ற நடுவழி ஒவ்வொரு மென்பொருளிலும் ஒரு சிறு கட்டமாகத்தான் இருந்தது, குறியிட்டால் போதும்.

அந்தக் கண்ணுக்கு நேரம் எங்கே என்பதுதான் உண்மையான தடை. இந்தத் தளங்களை நடத்தியவர்கள் சம்பளத்துக்கு நடத்தவில்லை. உணவகத்திலோ தொழிற்சாலையிலோ வேலை முடிந்து வந்து, பிள்ளைகள் படுத்த பிறகு கணினிக்கு முன்னால் இருந்தவர்கள். நூறு குப்பைக்குள் ஒரு நல்லதைத் தேடு என்று அவர்களிடம் சொல்வது எளிது, செய்வது கடினம். இந்த இடத்தில் கொடுக்கப்படுகிற வழமையான ஆலோசனை, பழைய கட்டுரைகளில் வழியை மூடிவிட்டுப் புதியவற்றில் மட்டும் திறந்து வை என்பது. வேர்ட்பிரஸிலேயே இத்தனை நாளானால் தானாக மூடு என்று ஓர் அமைப்பு இருக்கிறது. செய்தித் தளத்துக்கு அது பொருந்தும், ஏனென்றால் நேற்றைய செய்தியைப் பற்றி அடுத்த ஆண்டு யாரும் எழுதப்போவதில்லை. ஊரைப் பற்றிய எழுத்து நேர்மாறு. ஒரு வாத்தியாரைப் பற்றி 2004 இல் எழுதியதை அவரிடம் படித்த ஒருவர் 2016 இல் கண்டெடுத்துத் தன் நினைவையும் சேர்த்து எழுதக்கூடும். எங்களுக்குப் பழைய கட்டுரைகள்தான் திறந்திருக்க வேண்டியவை. ஆகவே சுமையைக் குறைக்க வேறு இடத்தில் கை வைக்க வேண்டும். தொடுப்பே கொடுக்காதவற்றை நிரல் கழிக்கட்டும். அதோடு பெரும்பகுதி போய்விடும். மிஞ்சியவற்றில், முன்பு ஒருமுறை ஏற்றுக்கொண்ட தளத்திலிருந்து வருபவை முன்னுக்கு வரட்டும். தமிழ் எழுத்து இருக்கிற பக்கத்திலிருந்து வருபவை அடுத்ததாக வரட்டும். சூதாட்ட நிரல் எதுவும் மண்கும்பான் என்று தமிழில் எழுதுவதற்கு அன்று மினக்கெடவில்லை. மொழியே ஒரு வடிகட்டி, அதை நாங்கள் பாவிக்கவில்லை. இன்று இயந்திரமே நல்ல தமிழில் எழுதத் தொடங்கிவிட்டதால் அந்த வாய்ப்பு குறைந்துவருகிறது. ஆனால் ஊர்ப்பெயரும் ஒழுங்கைப் பெயரும் கிணற்றின் பெயரும் தெரிந்து எழுதுகிறதா என்று ஊர்க்காரர் ஒரு பார்வையில் சொல்லிவிடுவார். அதற்கு ஒரு நிமிடம்கூடத் தேவையில்லை.

கண் வைத்துப் பார்ப்பது தணிக்கையாகிவிடும் என்ற ஆட்சேபத்தை நான் இலேசாக எடுக்கவில்லை. தமிழ்ச் சூழலில் அது வெறும் கற்பனையும் அல்ல. காசி ஆறுமுகம் 2004 இல் தொடங்கிய தமிழ்மணம் திரட்டி, அடுத்தவர் பெயரில் போலியாக எழுதப்பட்ட வசைப் பின்னூட்டங்கள் பெருகியபோது, மட்டுறுத்தல் செய்கிற பதிவுகளின் பின்னூட்டங்களை மட்டுமே முகப்பில் காட்டுவது என்று முடிவெடுத்தது. அதைக் கருத்துச் சுதந்திரத்தின் மேல் வைத்த கையென்று எதிர்த்தவர்கள் பலர். எங்கள் அரசியலில் இயக்கம், கட்சி, சாதி, ஊர், கோயில் நிர்வாகம் என்று எத்தனையோ கோடுகள் உண்டு. ஒரு கோட்டுக்கு அப்பால் இருந்து வருகிற தொடுப்பைக் ‘குப்பை’ என்று ஒதுக்கிவிட்டு நிம்மதியாக இருப்பது மிகச் சுலபம், அதை யாரும் கண்டுபிடிக்கவும் முடியாது. நான் தமிழ்மணத்தின் முடிவு சரியென்றே நினைக்கிறேன், ஏனென்றால் அது எந்தக் கருத்தை அனுமதிப்பது என்று சொல்லவில்லை, பொறுப்பை யாராவது எடுக்க வேண்டும் என்று மட்டும் சொன்னது. அந்த எல்லைதான் முக்கியம். உங்களைத் திட்டி எழுதியவர் உங்களை வாசித்திருக்கிறார். அவர் தொடுப்பு ஏற்கப்பட வேண்டியது. உங்களைப் புகழ்ந்து ‘அருமையான கட்டுரை’ என்று எழுதிக் கைக்கடிகாரம் விற்கிறவர் உங்களை வாசிக்கவில்லை. குப்பை என்பதற்கு வேறு இலக்கணம் தேட வேண்டியதில்லை. கண்டனத்தை மறைக்கிறவர் குப்பையை அகற்றுகிறேன் என்று சொல்லிக்கொள்ள முடியாதபடி இந்த அளவுகோல் வெளியே எழுதிவைக்கப்பட வேண்டும்.

எழுதிவைப்பது என்றால் என்ன என்பதற்குத் தீவகத்திலேயே பழைய சான்று இருக்கிறது. நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலில் உள்ள முதலாம் பராக்கிரமபாகுவின் கல்வெட்டு 12ஆம் நூற்றாண்டுக்குரியது. கார்த்திகேசு இந்திரபாலா அதை வாசித்து 1963 இல் வெளியிட்டார். மண்கும்பானில் இருந்து அதே வீதியில் போனால் வருகிற ஊர்காவற்றுறை, அன்றைய ஊராத்துறை, அந்தக் கல்வெட்டின் பொருள். பிறநாட்டு வணிகர் அங்கே வந்து இறங்க வேண்டும், அவர்களுக்குப் பாதுகாப்பு உண்டு என்று அது சொல்கிறது. பிறகு கடலில் கப்பல் உடைந்தால் என்ன செய்வது என்று சொல்கிறது. யானையும் குதிரையும் கொண்டுவந்த கப்பல் உடைந்தால் காற்பங்கு பண்டாரத்துக்கு, முக்காற்பங்கு உடையவருக்கு. வேறு பண்டம் ஏற்றி வந்த கப்பல் உடைந்தால் பாதி பண்டாரத்துக்கு, பாதி உடையவருக்கு. பொலன்னறுவையில் இருந்து ஆண்ட அரசன் இதைத் தமிழில் வெட்டுவித்தான், ஏனென்றால் வந்து இறங்குகிறவர்கள் வாசிக்கக்கூடிய மொழி அது. எனக்கு இதில் முக்கியமாகப் படுவது, வருகிறவர் என்ன நாடு, என்ன குலம் என்று இந்த விதி கேட்கவில்லை, என்ன ஏற்றி வருகிறார் என்று கேட்கிறது என்பது. அதைவிடவும் முக்கியம், விதி வருகிறவரை மட்டும் கட்டவில்லை, வாங்குகிறவரையும் கட்டுகிறது. உடைந்த கப்பலில் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளக்கூடிய இடத்தில் இருந்த அரசன், இவ்வளவுதான் எடுப்பேன் என்று கல்லில் எழுதித் தன் கையைத் தானே கட்டிக்கொண்டான். ஒரு தளத்தின் ஓரத்தில் ‘எங்களுக்குத் தொடுப்புக் கொடுப்பவர்களுக்கு’ என்று ஒரு பத்தி இருந்தால் அதுவும் இந்த இரண்டு வேலையையும் செய்ய வேண்டும். தொடுப்பு உண்மையாக இருக்க வேண்டும், முழுப் பிரதியாக இருக்கக் கூடாது, விற்பனை கூடாது, மரண அறிவித்தலின் கீழ் குடும்பம் அறியாத எதுவும் வராது என்பது வருகிறவருக்கு. எங்களைக் குறை சொல்கிறது என்பதற்காக எதையும் ஒதுக்க மாட்டோம், ஒதுக்கியதை அழிக்க மாட்டோம், கேட்டால் காரணம் சொல்வோம் என்பது தளத்துக்காரருக்கு.

இப்போது எல்லோரும் முகநூலில் இருக்கிறார்கள், ஊர்க் குழுக்கள் அங்கேதான் இயங்குகின்றன, இந்தப் பழைய கதை எதற்கு என்று கேட்கலாம். ஊர்க் குழுக்களில் நடக்கிற பேச்சு நல்ல பேச்சுத்தான். ஆனால் மூடிய குழுவுக்குள் ஒருவர் உங்கள் கட்டுரையைப் பகிர்ந்து அதன் கீழ் நாற்பது பேர் தங்கள் நினைவுகளை எழுதினாலும், எழுதிய உங்களுக்கு அது தெரிய வராது. பத்து வருடம் கழித்துத் தேடுகிற ஒருவருக்கும் கிடைக்காது. தொடுப்பை நிறுவனத்தின் கையில் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு அனுபவம் உண்டு. யாகூ 2009 அக்டோபரில் ஜியோசிட்டிசை மூடியபோது அங்கே இருந்த பக்கங்கள் போயின. ஹலோஸ்கான் மூடியபோது அதில் சேர்ந்திருந்த பின்னூட்டங்களும் டிராக்பேக்குகளும் பலருக்குப் போயின. தேன்கூடு என்ற திரட்டி இருந்த இடமே இன்று இல்லை. 2005 இல் தொடங்கிய நூலகம் திட்டம் அச்சில் வந்த ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் காப்பாற்றியிருக்கிறது. அச்சில் வராத பேச்சைக் காப்பாற்ற அவரவர் தளத்தில் அவரவர் வைத்திருக்கிற பதிவை விட வேறு வழி எனக்குத் தெரியவில்லை. தளம் அவரவருடையது என்றால் பொறுப்பும் அவரவருடையதுதான். இலங்கையில் 2024 இல் வந்த நிகழ்நிலைக் காப்புச் சட்டம், சில வகைப் பொய்யான கூற்றுகளைப் பரப்புவதைக் குற்றமாக்குகிறது. உள்ளூரில் இருந்து தளம் நடத்துகிறவருக்கு அது ஒரு பயம். கண் பார்த்தபின் வெளியிடுவது அந்தப் பயத்துக்கும் ஓரளவு மருந்து.

கடைசியாக ஒரு சிக்கல், இது இன்னும் நன்றாகத் தீர்க்கப்படாதது. இருபது வருடம் முன்பு சரிபார்த்து, வாசித்து, மனமுவந்து ஏற்றுக்கொண்ட தொடுப்புகளில் பல இப்போது வேறெங்கோ போகின்றன. ஊர்த் தளத்தை நடத்தியவர் காலமாகிறார், அல்லது ஆண்டுக் கட்டணம் கட்ட மறந்துபோகிறார். முகவரி கைமாறி, பழைய தொடுப்புகளின் மதிப்புக்காகவே அதை யாரோ வாங்கி, அங்கே சூதாட்டத் தளம் ஏறுகிறது. நேர்மையாக வந்த ஒன்று இப்படிக் குப்பையாக மாறும்போது, வருடத்துக்கு ஒருமுறையாவது ஏற்ற தொடுப்புகளைத் திரும்பப் போய்ப் பார்க்காவிட்டால் கட்டுரையின் அடியில் குப்பையை நாமே காத்துக்கொண்டிருப்போம். அதற்காக அந்தப் பதிவை அடியோடு நீக்குவதும் சரியல்ல, ஏனென்றால் அங்கே எழுதியவர் ஒருநாள் உண்மையாகவே எழுதினார். இணைய ஆவணக் காப்பகத்தில் அந்தப் பக்கத்தின் பழைய பிரதி இருந்தால் தொடுப்பை அதற்கு மாற்றிவிடலாம். பிரதி இல்லாவிட்டால், டிராக்பேக்கில் வந்த நான்கு விவரங்களில் முகவரியை மட்டும் எடுத்துவிட்டு, தளத்தின் பெயரையும் தலைப்பையும் அந்தச் சிறு பகுதியையும், வந்த நாளோடு அப்படியே வைத்திருக்க வேண்டும்.